பல்லுக்கு கேப் போடப் போகிறீர்களா? ஒட்டுவதற்கு முன் பேசிவிடுங்கள்

கேரள எல்லையில் இருக்கிற குமுளியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருக்கிறேன். கம்பம், கூடலூரிலிருந்து விடிகாலை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு மேலே வருகிற அக்காமார், வண்டிப்பெரியாற்றுத் தேயிலை எஸ்டேட்காரர்கள், குமுளிக் கடைத்தெருவில் வியாபாரம் செய்கிறவர்கள் என்று தமிழ் பேசுகிற ஆட்கள் நிறையப் பேர் எங்களிடம் வருகிறார்கள். அவர்கள் அதிகமாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ரூட் கேனல் பண்ணியாச்சு, வலியும் போயிருச்சு. அப்புறம் எதுக்குக் கேப்?" ரூட் கேனல் என்பது சொத்தைப் பல்லுக்குள் இருக்கிற நரம்பை எடுத்துவிட்டு வேரை அடைக்கிற சிகிச்சை. கேப் என்பது பல்லின் மேல் மாட்டுகிற உறை.

இதே கேள்வியை எங்கள் அம்மாவும் கேட்டார்கள். அப்போது நான் இந்த வேலைக்கு வரவில்லை. அம்மாவுக்கு ரூட் கேனல் செய்த இடத்தில் "கேப் போட்டுக்குங்க" என்று மட்டும் சொன்னார்கள், ஏன் என்று சொல்லவில்லை. ஏலக்காய் எடுப்பு நடக்கிற சமயம், ஒரு நாள் கூலியை விட மனமில்லை. எடுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் வறுத்த கடலையைக் கடித்தபோது அந்தக் கடைவாய்ப் பல் நடுவாக, வேர் வரைக்கும் பிளந்துவிட்டது. பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. ரூட் கேனலுக்குக் கொடுத்த பணமும் போயிற்று, பல்லும் போயிற்று. அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

கேப் என்ன செய்கிறது

உலக்கையின் முனையில் இரும்புப் பூண் இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பூண் இல்லாத உலக்கை நாலு நாள் இடித்தால் பிளந்துவிடும். மரத்தைச் சுற்றிப் பிடித்து விரியவிடாமல் காப்பது பூண். பல்லுக்கு கேப் செய்வதும் அதையேதான். டாக்டர்கள் கிரவுன் என்பார்கள், நம் ஊர்ப் பேச்சில் கேப். பல்லின் மேல்பாகம் முழுவதையும் ஈறு வரைக்கும் மூடுகிற உறை அது.

ரூட் கேனல் செய்த பல் ஏன் சுலபமாக உடைகிறது? ஏற்கெனவே சொத்தை அரித்து ஒரு பக்கச் சுவர் போயிருக்கும். வேருக்குள் போவதற்காக டாக்டர் மேலே ஒரு வாசல் திறந்திருப்பார். உத்திரத்தை அறுத்த வீடு மாதிரி மிச்சச் சுவர்கள் தனித்தனியாக நிற்கும். கடிக்கும்போது அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகப் பார்க்கும். உள்ளே அடைக்கிற சிமென்ட் ஓட்டையை மூடுமே தவிரச் சுவர்களைச் சேர்த்துப் பிடிக்காது. எனவே கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல் முடிந்தால் சில வாரங்களுக்குள் கேப் போட்டுவிட வேண்டும். வலி இல்லை என்பதை வைத்துத் தள்ளிப்போடாதீர்கள். நரம்பை எடுத்துவிட்ட பல், உடைகிற வரைக்கும் உங்களிடம் எதுவும் சொல்லாது.

எல்லாப் பல்லுக்கும் கேப் வேண்டும் என்பதில்லை. முன்பல்லில் ரூட் கேனல் செய்து, பல்லின் பெரும்பாகம் நன்றாக இருந்தால் அடைத்தாலே போதும் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். சின்னச் சொத்தைக்கு கேப் தேவையே இல்லை. மறுபக்கம், ரூட் கேனல் செய்யாத பல்லுக்கும் கேப் வரலாம்: விரிசல் விட்ட பல், பாதிக்கு மேல் பழைய அடைப்பாகவே இருக்கிற பல், வெற்றிலை பாக்கு மென்று மென்று மேல்பாகம் தேய்ந்து தட்டையான பல். "உயிருள்ள பல்லுக்கு ஏன் கேப்" என்று உங்களுக்குத் தோன்றினால் தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்குவார்.

இன்னொன்றையும் கேளுங்கள்: "கேப் பிடிக்க மிச்சப் பல் போதுமா?" பூண் பிடிக்க முனையில் கொஞ்சம் மரம் வேண்டும் அல்லவா? அதே போல ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டர் அளவுக்காவது நல்ல பல் நிற்க வேண்டும். மேலே அடைத்துக் கட்டுவதும், வேருக்குள் போஸ்ட் என்கிற கம்பி வைத்துக் கட்டுவதும் உண்டுதான். ஆனால் அடியில் நல்ல பல்லே இல்லாவிட்டால் விலை கூடின கேப்பும் நிலைக்காது.

எந்தப் பொருள்

முழு உலோகம், உலோகத்தின் மேல் செராமிக், முழு செராமிக் என்று மூன்று வகை. முழு உலோகக் கேப்புதான் விலை குறைவு, அதற்கு இடம் விடப் பல்லையும் குறைவாகவே சீவுவார்கள், உடையவும் உடையாது. வெள்ளி நிறத்தில் தெரியும் என்பதுதான் குறை. சிரித்தால் தெரியாத கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு அதைப் போட்டுக்கொள்வதில் தப்பே இல்லை என்பது என் எண்ணம். இரண்டாவது வகையில் உள்ளே உலோகம், வெளியே பல் நிறச் செராமிக். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் மேல்பூச்சு சில்லு விடக்கூடும், வருடம் போகப் போக ஈறு ஓரம் கறுப்புக் கோடு தெரியலாம். மூன்றாவதில் இப்போது அதிகம் போடுவது சிர்கோனியா. வெள்ளை, நல்ல உறுதி, விலை அதிகம். முன்பல்லுக்கு லித்தியம் டைசிலிக்கேட் என்கிற கண்ணாடிச் செராமிக்கும் உண்டு, இயற்கைப் பல் மாதிரியே ஒளியை உள்ளே விடும்.

கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவரா நீங்கள்? அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். விலை குறைந்த உலோகக் கேப்புகள் பலவற்றிலும் நிக்கல் கலந்திருக்கும்.

விலை பேசும்போது கேப்பின் விலை மட்டுமா, அடைத்துக் கட்டுவது, போஸ்ட், தற்காலிகக் கேப், எக்ஸ்ரே எல்லாம் சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள். சிர்கோனியா என்றால் கேப் செய்து தருகிற பல லேப்கள் உத்தரவாத அட்டை தருகின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள். அவ்வளவு பணம் கட்ட முடியாதவர்களுக்கு இன்னொரு வழி, கோட்டயம் காந்தி நகரில் இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரி. அங்கே மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். பல தடவை அலைய வேண்டியிருக்கும், குமுளியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் மலை இறங்கிப் போகவும் வேண்டும். முதலில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் நாள்: சீவுவதும் அளவெடுப்பதும்

சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றில் ஊசி போட்டு மயக்கம் வந்தவர்கள் உண்டு. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வழக்கம் போலப் போட்டுக்கொண்டு, சீட்டையும் எடுத்து வாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் போதும். இதய வால்வு ஆபரேஷன், கர்ப்பம், முன்பு ஏதாவது ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனது, இவற்றை நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

முதலில் நிறம் பார்ப்பார்கள். சாவிக்கொத்து மாதிரி ஒரு கொத்து, அதில் சின்னச் சின்னப் பற்கள், ஏ1, ஏ2, பி1 என்று எழுத்துப் போட்டிருக்கும். பரவலாகப் புழங்குகிற கொத்தில் 16 நிறங்கள் இருக்கும். இதைச் சீவுவதற்கு முன்னால்தான் பார்க்க வேண்டும், வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி கேட்டு நீங்களும் பாருங்கள். வெற்றிலைக் கறை இருந்தால் முதலில் பல்லைச் சுத்தம் செய்துகொள்வது நல்லது. கறையோடு நிறம் பார்த்துவிட்டு அப்புறம் கறையை எடுத்தால் கேப் மட்டும் தனியாகத் தெரியும்.

அடுத்தது மரத்துப்போக ஊசி. நரம்பெடுத்த பல்லுக்கு எதற்கு ஊசி என்று கேட்பார்கள். பல் உணராவிட்டாலும் சுற்றியுள்ள ஈறு உணருமே, அதற்காகத்தான். பிறகு பல்லைச் சுற்றிலும் சீவுவார்கள். செராமிக் கேப் என்றால் மேல்பக்கம் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர், பக்கங்களில் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே கீழே போகும். சீவின பல் சின்ன முளை மாதிரி நிற்கும். நாக்கால் தடவிப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். கேப்பின் கனத்துக்கு இடம் விடவே இது. சீவியது திரும்ப வளராது என்பதால்தான் கேப் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சையெல்லாம் இதற்கு முன்பே முடித்துவிடச் சொல்கிறேன்.

சீவி முடித்ததும் ஈறு இடுக்கில் மெல்லிய நூல் ஒன்றைச் செருகுவார்கள். ஈறு கொஞ்சம் ஒதுங்கினால்தான் பல்லின் ஓரம் அளவில் தெளிவாக விழும். அப்புறம் அளவு. சப்பாத்தி மாவு பதத்தில் பிசைந்த, புட்டி என்கிற அச்செடுக்கும் பசையைத் தட்டில் வைத்துப் பல்லில் அழுத்திச் சில நிமிடம் பிடித்திருப்போம். குமட்டுகிறவர்களிடம் நான் சொல்வது: தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, மூக்கால் மெதுவாக மூச்சு விட்டு, கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டே இருங்கள். கவனம் காலுக்குப் போனால் குமட்டல் அடங்கும். சில இடங்களில் புட்டிக்குப் பதில் பேனா மாதிரி ஒரு கேமராவால் ஸ்கேன் எடுப்பார்கள். எதிர்ப் பல்வரிசைக்கும் அளவு எடுத்து, நீங்கள் எப்படிக் கடிக்கிறீர்கள் என்பதையும் பதிந்துகொள்வார்கள்.

இந்த அளவு லேபுக்குப் போய் கேப் திரும்பி வரப் பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் பிளாஸ்டிக் போன்ற தற்காலிகக் கேப் ஒன்று ஒட்டித் தருவார்கள்.

ஊசியின் மரப்பு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். அது போகிற வரை சூடான டீ வேண்டாம். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுநாள் புண்ணோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நடுவில் வரும் ஒரு வாரம்

தற்காலிகக் கேப், கழற்றுவதற்காகவே லேசாக ஒட்டியது. கடலை மிட்டாய், எள்ளுருண்டை, அல்வா, பலாச்சுளை, ஏத்தங்காய் சிப்ஸ் எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். கஞ்சி, கப்பைக்கிழங்கு, இட்லி சாப்பிடலாம். பல் இடுக்கை நூலால் சுத்தம் செய்கிறவர்கள் நூலை மேலே தூக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள். கேப் விழுந்துவிட்டால் உடனே போன் செய்யுங்கள். இன்னும் ரெண்டு நாள்தானே என்று விட்டால் பக்கத்துப் பல் நகரும், எதிர்ப் பல் இறங்கும். அப்போது லேபிலிருந்து வந்த கேப் உட்காராது.

மாட்டுகிற நாள்: நீங்கள் பேச வேண்டிய நாள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

தற்காலிகக் கேப்பை எடுத்துவிட்டு, புதுக் கேப்பை ஒட்டாமல் வைத்துப் பார்ப்பார்கள். அந்த அஞ்சு பத்து நிமிடம் உங்களுடையது. ஆனால் நம் ஆட்கள் அப்போதுதான் வாயை மூடிக்கொள்கிறார்கள். டாக்டர் எதைக் கேட்டாலும் "சரி சார், நல்லாருக்கு" என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து செருப்பு மாட்டும்போது என்னிடம் "அக்கா, கொஞ்சம் தூக்கலா இருக்கிற மாதிரி இருக்கு" என்கிறார்கள். அதற்குள் சிமென்ட் இறுகியிருக்கும்.

பாஷையும் ஒரு காரணம். குமுளியில் டாக்டர்களுக்குத் தமிழ் ஓரளவு புரியும், கோட்டயம் போனால் அப்படிச் சொல்ல முடியாது. மலையாளம் நமக்குப் புரிகிற மாதிரிதான் இருக்கும், பல் சமாச்சாரத்தில் அதுவே வினையாகிவிடும். "நீருண்டோ?" என்று கேட்டால் தண்ணீரைக் கேட்கவில்லை, வீக்கம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். "புளிப்புண்டோ?" என்றால் பல் கூசுகிறதா என்று அர்த்தம். வலியை அவர்கள் வேதன என்பார்கள். ஈறு மோண, கடைவாய்ப் பல் அணப்பல்லு. "மரவிச்சோ?" என்றால் மரத்துப்போய்விட்டதா என்று கேள்வி. முக்கியமானது, "பொக்கம் தோணுன்னுண்டோ?" கேப் உயரமாகத் தெரிகிறதா என்பதுதான் அது. பொக்கை வாயைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்து "இல்லை இல்லை" என்று சிரித்த பாட்டி ஒருவர், மறு வாரமே தாடை வலியோடு திரும்பி வந்தார். புரியாவிட்டால் "மனசிலாயில்ல" என்று சொல்லுங்கள், திரும்பச் சொல்வார்கள். அதில் குறைச்சல் எதுவும் இல்லை.

சரி, என்னென்ன பார்க்க வேண்டும்? முதலில் கடி. பற்களுக்கு நடுவே நீலமோ சிவப்போ ஒரு மெல்லிய தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். கேப்பின் மேல் பொட்டுப் பொட்டாகச் சாயம் விழும். ஒரே இடத்தில் அடர்த்தியாக, நடுவில் வெளுத்து வளையம் மாதிரி ஒரு பொட்டு விழுந்தால் அங்கேதான் பாரம் முழுவதும் இறங்குகிறது. அந்த இடத்தைத் துளி தேய்த்துவிட்டு மறுபடியும் தாள் வைப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பல் சேர்கிறதா என்று நீங்கள் கவனியுங்கள். தாடையை இடமும் வலமும் அசைத்தும் பாருங்கள். நரம்பெடுத்த பல்தானே என்று டாக்டரின் கண்ணை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வேரைச் சுற்றி எலும்போடு பிணைக்கிற நார்கள் உயிரோடு இருக்கின்றன, ஒரு தலைமுடிக் கனம் கூடினாலும் அவை உங்களுக்குச் சொல்லும். தூக்கலான கேப்போடு வீட்டுக்குப் போனால் கடித்தால் வலி, தாடை வலி, எதிர்ப் பல்லில் வலி, சில சமயம் செராமிக்கே சில்லு விடும். தேய்த்த இடத்தைத் திரும்பப் பளபளப்பாக்கச் சொல்லுங்கள், சொரசொரப்பாக விட்டால் எதிர்ப் பல்லை அது அரம் மாதிரி தேய்க்கும்.

அடுத்தது பக்கத்துப் பற்களோடு உள்ள இடுக்கு. நூல் விட்டுப் பார்ப்பார்கள், அது டக்கென்று கொஞ்சம் பிடிப்போடு இறங்க வேண்டும். தடையே இல்லாமல் போனால் நாளைக்குக் கறித்துண்டும் கீரையும் அங்கேதான் போய்ச் சிக்கும், ஈறு வீங்கும். இது இருந்தால் கேப்பை லேபுக்குத் திருப்பி அனுப்பலாம், இன்னொரு நாள் வருவது பெரிய நஷ்டமில்லை. முன்பல் என்றால் நிறத்தை ஜன்னல் பக்கம் போய்ப் பாருங்கள், கூட வந்தவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் சரி என்று உங்கள் வாயால் சொன்ன பிறகுதான் ஒட்ட வேண்டும். பல்லைச் சுத்தம் செய்து, பஞ்சு வைத்து உலர்த்தி, கேப்புக்குள் சிமென்ட் தடவி அழுத்துவார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு சில நிமிடம் இருக்க வேண்டும். ஓரத்தில் வழிந்த சிமென்டைச் சுத்தமாக எடுப்பது அவசியம். ஈறுக்கடியில் ஒரு துளி மிஞ்சினாலும் சிவந்து ரத்தம் கசியும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாள் முழுக்க அந்தப் பக்கம் கடினமானதைக் கடிக்காதீர்கள், பல வகைச் சிமென்டுக்கு முழு உறுதி வர 24 மணி நேரம் ஆகும். ஈறு நாலைந்து நாள் லேசாக வலிக்கலாம். நரம்புள்ள பல் என்றால் கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும். ஆனால் கடிக்கும்போது மட்டும் சுரீர் என்றால் அது பழகிப்போகும் என்று காத்திருக்காதீர்கள். மாட்டுகிற அன்று ஊசி போட்டிருந்தால் அந்த மரப்பில் சரியாகத் தெரியாமல் போயிருக்கலாம், போய்த் தேய்த்துக்கொண்டு வாருங்கள். அஞ்சு நிமிட வேலைதான்.

கேப்புக்குச் சொத்தை வராது, கேப்பின் ஓரத்தில் வெளியே தெரிகிற பல்லுக்கு வரும். தேய்க்கும்போது ஈறும் கேப்பும் சேருகிற அந்த வளையத்தில் மென்மையான பிரஷ்ஷைச் சாய்த்து வைத்துத் தேயுங்கள், இடுக்கில் தினமும் ஒரு தடவை நூல் விடுங்கள். பாக்கை விட முடிந்தால் விட்டுவிடுங்கள். பல் தேய்வதற்காக மட்டும் சொல்லவில்லை, வாய்ப் புற்றுநோய்க்குப் பாக்கு நிச்சயமான காரணம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்கள், படுக்கும்போது பல்வரிசையில் மாட்டிக்கொள்கிற இரவு உறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிப் பார்த்துக்கொண்டால் 10, 15 வருடம் ஒரு கேப் ஓடும், அதற்கு மேலும் ஓடின கேப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

என்றாவது கேப் கழன்று கையில் வந்துவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு, இரண்டு மூன்று நாளுக்குள் டாக்டரிடம் கொண்டு வாருங்கள். உள்ளே பல் நன்றாக இருந்தால் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். ஃபெவிக்விக் போட்டு நீங்களே ஒட்டவே கூடாது: ஈறு வெந்துவிடும், கோணலாக ஒட்டினால் கழற்றும்போது பல்லும் சேர்ந்து உடையும். தவறி விழுங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும், ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். விழுங்கியவருக்கு இருமல் நிற்காமல் வந்தாலோ மூச்சுத் திணறினாலோ அது மூச்சுக்குழலில் சிக்கியிருக்கலாம். அப்போது பல் டாக்டரைத் தேடாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.